கையெழுத்து போக மீதி

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் என் ஆல்பங்களைப் பார்க்க வந்திருந்தார். பழைய காகிதங்களை ஏலம் விடுகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூடத்தில் உட்கார்ந்ததும் பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறைகளை எடுத்து இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்த என் மனைவி, எனக்கு ரத்தம் எடுக்க வந்தவர் என்று நினைத்து, காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, தாராளமாக எடுக்கலாம் என்று அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அவரைக் கூப்பிட்டதே நான்தான். எழுபதை நெருங்கிவிட்டேன். ஓசூரில் முன்பு இருந்த குளிர் இப்போது இல்லை என்றாலும் மழைக்காலத்தில் சுவர் ஓதம் அடிக்கத்தான் செய்கிறது. வருஷா வருஷம் ஆல்பங்களை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயில் காட்டி, அந்துருண்டை மாற்றி, பூச்சி பார்த்து, மறுபடியும் பீரோவுக்குள் வைப்பது அலுத்துவிட்டது. மகனுக்கு இதில் நாட்டமில்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு விற்றுவிடச் சொல்கிறான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. உண்மையைச் சொன்னால் காகிதங்கள் மேல் எனக்கு அலுப்பில்லை, என் மேல்தான்.

ஐந்து ஆல்பங்கள். எல்லாம் கையெழுத்துகள். நாடு சுதந்திரமாகி, எழுந்து நின்று, தட்டுத்தடுமாறி நடக்கப் பழகிய அந்த முதல் சில வருஷங்களின் கையெழுத்துகள். வந்தவர் பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டே போனார். மூன்றாவது ஆல்பத்தில் நின்றார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. பழுப்பு மசியில் முழுப் பெயரையும் நீட்டி எழுதி, கடைசி எழுத்தின் வாலைத் திருப்பிக் கொண்டுவந்து பெயருக்கே அடிக்கோடாக இழுத்த கையெழுத்து. லென்சை வைத்து வெகுநேரம் பார்த்தார். முதலில் அவர் சொன்னது, "ரொம்ப நேரா வெட்டியிருக்கீங்க சார்." அப்புறம் நிமிர்ந்து கேட்டார்: "இதோட மீதி எங்க?"

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நான் தேடிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருப்பார். தேட ஒன்றுமில்லை. மீதி எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். மேல்தட்டில், வேட்டிகளுக்கு அடியில், ஒரு பழுப்பு உறையில். கையை நீட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

இந்தப் பித்து எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவன் நான். ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க வெர்னியரும் மைக்ரோமீட்டருமாக உட்கார்ந்து பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு கட்டுகிற வேலை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு அறையில் தென்மாவட்டத்துக்காரர்கள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற மூவரும் மதியம் வரை தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது. தெருமுனையில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. அங்கே போய் நின்று, கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். கடைக்காரர் என்னிடம் தெலுங்கில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், ஒரு சண்டையும் வந்ததில்லை.

அந்தக் கட்டுகளில்தான் முதல் கடிதம் கிடைத்தது. நாட்டுக்குச் சட்டம் எழுதிய சபையில் உட்கார்ந்திருந்த ஒருவர், கிருஷ்ணகிரியில் ஒரு தோப்புக்காரருக்கு எழுதியது. அனுப்பிய மாங்கன்றுகள் வந்து சேர்ந்தன, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விட வேண்டும் என்று விசாரித்திருந்தார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அங்கே உட்கார்ந்து ஒரு தேசத்துக்கு விதிகள் எழுதிக்கொண்டிருந்த மனிதர், நடுவில் மாங்கன்று வாடிவிடுமோ என்று கவலைப்பட்டிருக்கிறார். எனக்கு அது ஏனோ தாங்கவில்லை. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ராமநாயக்கன் ஏரிக்கரை வரை நடந்தேன்.

அந்தக் காலத்துக் காகிதங்களுக்கென்று ஒரு முகம் உண்டு. புது அரசாங்கம், புதுத் தாள் அச்சடிக்கக்கூட வசதியில்லை. ராஜ கிரீடம் போட்ட பழைய தாளையே எடுத்து, கிரீடத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே உத்தரவை டைப் அடித்திருப்பார்கள். எந்தக் குமாஸ்தா அந்தக் கோட்டை இழுத்தாரோ, எத்தனை நூறு தாளில் இழுத்தாரோ. சில கோடுகள் அலட்சியமாக இருக்கும். சில கோடுகள் இரண்டு தடவை அழுத்தி இழுக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டாம் வகைக் கோடுகளைப் பார்த்தால் எனக்கு அந்தக் குமாஸ்தாவோடு ஒரு டீ குடிக்க வேண்டும் போல இருக்கும்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெங்களூரில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். தபால்தலைக்காரர்கள், நாணயக்காரர்கள், ஓரத்தில் என்னைப் போன்ற கையெழுத்துக்காரர்கள். அங்கே அப்போது ஒரு பழக்கம். கடிதமோ உத்தரவோ எதுவானாலும் கையெழுத்தை மட்டும் வெட்டி ஆல்பத்தில் வைப்பது. மீதித் தாள் வெறும் சுமை, இடத்தை அடைக்கும் என்பார்கள். கவரை எறிந்துவிட்டுத் தபால்தலையை மட்டும் வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. மற்றவர்கள் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். ஆடு மேய்ந்த மாதிரி இருக்கும். நான் தொழிற்சாலைக்காரன். எஃகு ஸ்கேலை வைத்து, புது பிளேடால், நாலு பக்கமும் செங்கோணம் பிசகாமல் ஒரே இழுப்பில் எடுப்பேன். என் வெட்டுக்குப் பெங்களூரில் ஒரு பெயரே இருந்தது என்றால் பாருங்கள். மற்றவர்கள் தங்கள் காகிதங்களை என்னிடம் கொடுத்து வெட்டித் தரச் சொல்வார்கள். எனக்குத் தலைகால் புரியாது. இன்றைக்கு யாராவது அப்படி வெட்டினால் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்துவார்கள். அன்றைக்குக் கை தட்டினார்கள்.

மாதப்பாவைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும்.

பேரிகைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர் மாதப்பா. எங்கள் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றி இறக்குகிற ஒப்பந்த வேலையில் இருந்தார். என் வயதுதான். ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார், நானும் வேண்டாம் என்று ஒருதரம் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டேன். ஷிப்ட் பஸ்ஸில் கண்டக்டரிடம் தெலுங்கு, பூக்காரம்மாவிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மாறி மாறிப் பேசிக்கொண்டு வருவார். என் பித்து அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஊரில் யார் வீட்டுப் பரணில் பழைய காகிதம் இருந்தாலும் டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார். பெரும்பாலும் ஒன்றுக்கும் ஆகாது. அதைச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும் என்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன்.

டிரில்லிங் மெஷினுக்கு ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும் என்று வந்தபோது நான் மாதப்பாவுக்காக மேனேஜரிடம் பேசினேன். கிடைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவர். அவர் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறுநாள் ஒரு கூடை தக்காளி என் அறை வாசலில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தாரைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். அந்த நாளின் வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. கூலன்ட் எண்ணெயும் சாம்பிராணியும் வாழை இலையும் கலந்த வாசனை. மெஷின்களைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, மாலை சாத்தி, ஒவ்வொருவரும் தாங்கள் பிழைக்கிற சாமானை முன்னால் வைப்பார்கள். நான் என் வெர்னியரை வைப்பேன். மாதப்பாவின் டிரில்லிங் மெஷின் முன்னால் அவருடைய அம்மா பாப்பம்மா வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் விரித்து வைத்து, மேல் மூலையில் மோதிர விரலால் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அந்தத் தாளில் ஏற்கெனவே வரிசையாகப் பொட்டுகள் இருந்தன. பழையவை மங்கி ஆரஞ்சு நிறமாகியிருந்தன. வருஷத்துக்கு ஒன்று.

அதுவரை வீட்டில் மண்வெட்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டது, மகனுக்கு மெஷின் வந்துவிட்டதால் இந்த வருஷம் இங்கே கொண்டுவந்திருக்கிறது என்று மாதப்பா விளக்கினார். என்ன தாள் என்று குனிந்து பார்த்தேன். கிரீடத்தின் மேல் கோடு. இரண்டு தடவை அழுத்தி இழுத்த கோடு. கீழே ஆங்கிலத்தில், இன்ன கிராமத்தில் நிலமில்லாத விவசாயக் கூலி இன்னாருக்கு அரசுத் தரிசு இரண்டு ஏக்கர் சொச்சம் ஒப்படைக்கப்படுகிறது என்று டைப் அடித்திருந்தது. இன்னார் என்பது மாதப்பாவின் அப்பா. அடியில் கையெழுத்து.

அந்தப் பெயரைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். சொல்லப்போவதில்லை. அன்றைக்கு அந்தப் பகுதியில் இளம் அதிகாரி. பிற்பாடு டெல்லிக்குப் போய், பல பெரிய விஷயங்களில் அவர் பேனா பட்டது. பெரிய ஆளான பிறகு கையெழுத்து சுருங்கி இரண்டு கிறுக்கலாகிவிட்டது. சின்ன வயதில் முழுப் பெயரையும் எழுதி வாலைத் திருப்பி இழுத்த கையெழுத்து எங்கள் கூட்டத்தில் யாரிடமும் கிடையாது. அதற்கப்புறம் பூசணிக்காய் உடைத்தது, பொரி கொடுத்தது எதுவும் மனதில் பதியவில்லை.

மாதப்பாவிடம் கேட்டேன். "அம்மா குடுக்காது சார். அத சாமி மாதிரி வெச்சிக்கினு இருக்குது" என்றார். நான் விடவில்லை. டீ நேரத்தில், பஸ்ஸில், சாப்பாட்டு வரிசையில் எல்லாம் சுற்றி வளைத்து அதிலேயே வந்து நிற்பேன். சில மாதம் கழித்து ஒரு யோசனை சொன்னேன். காகிதம் அவர்களிடமே இருக்கட்டும், கையெழுத்து உள்ள துண்டு மட்டும் எனக்குப் போதும் என்றேன். அதை ஒரு பெரிய விட்டுக்கொடுத்தல் போலச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"சந்தகம் போனா காயிதம் செல்லுமா சார்?" என்று மாதப்பா கேட்டார். சந்தகம் என்றால் அவர்கள் பேச்சில் கையெழுத்து.

"எல்லாம் ஆபீஸ் ரெக்கார்டுல இருக்கும் மாதப்பா. இது உங்களுக்குக் கொடுத்த நகல்தான். சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்றேன்.

எனக்கு அது தெரியுமா? தெரியாது. நிலத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கு நிலம் என்று ஒரு முழம் இருந்ததில்லை. ஆனால் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன், சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிறவன் சொன்னால் அதற்கு ஒரு எடை இருக்கிறது. அதோடு டிரில்லிங் மெஷின் இருக்கிறது. அவரால் என்னிடம் முடியாது என்று சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்‌ஷன் அறையில் கிரானைட் மேஜை ஒன்று உண்டு. மட்டம் பார்க்கிற மேஜை, அதன் மேல் டீ டம்ளர்கூட வைக்க விடமாட்டோம். அதில் தாளை விரித்து, ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு இழுப்பு. துண்டு தனியாக வந்துவிட்டது. தாளில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகக் கறுப்புக் கிரானைட் தெரிந்தது. மாதப்பா டிபன் தூக்கைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் பண்ணுகிற மாதிரி பண்ணுகிறீர்களே சார் என்று சிரித்தார். பெங்களூரில் அந்தத் துண்டுக்காக என்னைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. அந்த மாதிரி ஒரு ஞாயிறு என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்கப்புறம் வருஷங்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. கல்யாணம், மகன், ஷிப்ட், இரண்டு ஸ்ட்ரைக், புது மேனேஜர்கள். ராகி வயல்கள் இருந்த இடத்தில் கூரைத் தகடுகள் முளைத்தன. ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவில் லாரிகள் நின்றன. எல்லா ஊரிலும் நடந்ததுதான், இதைச் சொல்லி உங்களைச் சலிப்பேற்ற மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாதப்பா என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பாப்பம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் அந்த மஞ்சள் துணி.

"சார், அந்தத் துண்டு பத்திரமா இருக்குதுங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். எப்போதோ நடந்த ஒரு மறு அளவையில் அவர்களுடைய இரண்டு ஏக்கரும் பக்கத்து நிலக்காரரின் பட்டா எண்ணோடு சேர்ந்துபோயிருந்தது. நிலவரி கட்டிய கந்தாய ரசீதுகளும் அந்தப் பெயரிலேயே. பாப்பம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவரைப் பொறுத்தவரை காகிதம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, மகன் உழுகிறான். பக்கத்து நிலக்காரரின் பேரன்மார் பெங்களூரில் இருந்துகொண்டே மொத்தத்தையும் ஒரு கிடங்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அளக்க ஆள் வந்தபோதுதான் மாதப்பாவுக்குத் தெரிந்தது. தாலுகா ஆபீஸில் போய்க் கேட்டதற்கு, அசல் உத்தரவு இருந்தால் கொண்டுவாருங்கள், உடனே தடுத்து நிறுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அவரோடு நானும் போனேன். அந்த அதிகாரி நல்ல பெண்மணி. என் மகன் வயது இருக்கும். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தாளை மேஜையில் விரித்து, துண்டை எடுத்து ஜன்னலில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கோடே தெரியவில்லை. எனக்கு அந்த ஒரு நிமிஷம் நம்பிக்கையாக இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் நம்புறேன் சார். ஆனா நான் நம்பி என்ன? இது இப்ப ரெண்டு பேப்பர்" என்றார். பழைய கட்டுகளில் ஆபீஸ் நகலைத் தேட ஆள் போட்டார். இரண்டு வாரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், வெட்டியவரே வந்து சாட்சி சொன்னால் ஒருவேளை எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

சாட்சி சொன்னேன். பெட்டியிலிருந்த ஒரே நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. நானே வெட்டினேனா என்று கேட்டார், ஆமாம் என்றேன். எதற்காக என்றார். சேகரிப்புக்காக என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் என் வேலை என்ன, எத்தனை வருஷ சர்வீஸ் என்று விசாரித்தார். தப்பான பொருள் ஒன்றையாவது பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்று நிமிர்ந்து சொன்னேன்.

"ஒரு பார்ட்டுல இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு, பல வருஷம் கழிச்சு அதே இடத்துல பொருத்திக் கொண்டாந்து வெச்சா, நீங்க பாஸ் பண்ணுவீங்களா?"

மாதப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது காகிதம், அது இரும்பு, இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு நூறு பதில் தோன்றியது. அந்த இடத்தில், வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது. "மாட்டேன்" என்றேன். வக்கீல் தலையசைத்து உட்கார்ந்துவிட்டார்.

கேஸ் அதோடு முடியவில்லை, மேலும் சில வருஷம் இழுத்தது. ஆனால் அன்றைக்கே முடிந்துவிட்டது. தீர்ப்பு எதிராக வந்த பிறகு மாதப்பா ஒருமுறை வந்தார். மத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறேன், இனி அங்கேதான் என்றார். மஞ்சள் துணியை என் மேஜை மேல் வைத்தார். நான் வேண்டாம் என்று கையால் தள்ளினேன்.

"வெச்சிக்கோங்க சார். ரெண்டும் ஒரே எடத்துல கெடக்கட்டும்" என்றார். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டு சொன்னார். நான் வெட்டிய வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டிலேயே தாளை விரித்திருக்கிறார். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். விரல் ஜன்னலில் போய் நின்றிருக்கிறது. என்னடா இது என்று கேட்டிருக்கிறார். மாதப்பா, எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

"அம்மா அத தடவித் தடவிப் பாத்துச்சி சார். 'எலி இம்மாம் நேராவாடா கடிக்கும்'னு கேட்டுச்சி. நான் ஒண்ணியும் சொல்லல. அதுக்கப்புறம் அதும் கேக்கல. வருசா வருசம் பொட்டு மட்டும் வெச்சிச்சி."

அவர் போன பிறகு தாளை விரித்துப் பார்த்தேன். ஜன்னலைச் சுற்றி நாலு பக்கமும் பொட்டுகள். அதற்கு முன்னால் பாப்பம்மா மேல் மூலையில்தான் வைத்துக்கொண்டிருந்தார். புண்ணுக்கு மருந்து வைக்கிற மாதிரி இடத்தை மாற்றியிருக்கிறார். நான் அன்று அழுதேன். என் மனைவி வந்து என்னவென்று கேட்டாள், அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அதோடு சேகரிப்பதை நிறுத்திவிட்டேன். வெயில் காட்டுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

பீரோ முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உறையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கையுறைக்காரர் தாளை விரித்து, துண்டைப் பொருத்திப் பார்த்தார். இப்போதும் கோடு தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி முழுசாக இவருடைய இளவயது உத்தரவு இதுவரை சந்தைக்கே வந்ததில்லை என்றார். மசியை, தாளை, டைப் எழுத்தை எல்லாம் சோதித்து, இது அசல்தான் என்று கம்பெனி முத்திரையோடு சான்றிதழ் கொடுத்துவிடுவோம், உலகத்தில் எங்கே கொண்டுபோனாலும் செல்லும் என்றார். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஒரு வாரம் போதும் என்றார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, இந்தச் சிவப்புக் கறைகளைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம், சுத்தம் பண்ண அவர்களிடம் ஆள் இருக்கிறது என்று சொன்னார்.

நான் தாளை மடித்துக்கொண்டேன். சொந்தக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இது உங்களுடையது இல்லையா என்று ஆச்சரியப்பட்டார். துண்டு மட்டும்தான் என்னுடையது என்றேன். அதுவும் எனக்கு நிச்சயமில்லை. மற்ற ஆல்பங்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு அவர் கிளம்பினார். என் மனைவி அவரிடம் ரத்தம் எடுத்தாயிற்றா என்று கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

எங்கள் தொழிற்சாலை இப்போது கை மாறிவிட்டது. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தாரை உள்ளே விடுவதில்லை, பாதுகாப்பு விதியாம். கேட்டுக்கு வெளியே ஒரு வாழைக்கன்று கட்டுகிறார்கள். கிரானைட் மேஜை என்ன ஆயிற்றோ. பழைய பேப்பர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பேரிகை பஸ்ஸில் போனால் மாதப்பாவின் இரண்டு ஏக்கரைப் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால், நீலக் கூரைத் தகட்டைப் பார்க்கலாம். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று இப்போது மாதப்பாவாலேயே காட்ட முடியாது. பாப்பம்மாவின் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் வருவதில்லை, அந்த மோதிர விரல்தான் நினைவில் நிற்கிறது.

பெங்களூர்க்காரர் வந்து போன மறுநாள் காலை மாதப்பாவுக்குப் போன் பண்ணினேன். பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன், பேத்தியை ஏற்றிவிட வந்தேன் என்றார். சுகர், மூட்டுவலி எல்லாம் விசாரித்துக்கொண்டோம். பிறகு விஷயத்தைச் சொன்னேன். பெங்களூரிலிருந்து ஆள் வந்தது, அம்மாவின் காகிதத்தைப் பார்த்தது எல்லாம்.

"அது அசல்தான்னு முத்திரை போட்டு எழுதித் தாராங்களாம் மாதப்பா. எங்க கொண்டுபோனாலும் செல்லுமாம்" என்றேன்.

அவர் பக்கத்தில் ஒரு பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"யார்கிட்ட காட்றதுக்கு சார்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேத்தி கையை ஆட்டுகிறாள், வைத்துவிடட்டுமா என்று சொல்லி அவரே வைத்துவிட்டார்.